நானே போய்ச் சேர்கிறேன். கேட்கும்போது வெளியே விடுவார்களா?

கேள்வி: எனக்கு வயது 38. கரூரில் ஒரு தனியார் பள்ளியில் கணித ஆசிரியை. வீட்டில் கணவர், எட்டு வயது மகள், மாமியார். மகள் பிறந்தபோது எனக்கு மனச்சோர்வு வந்து, மாத்திரையில் சரியானது. போன வருடக் கடைசியில் மறுபடியும் வந்தது. இரண்டு முறை மாத்திரை மாற்றியும் தேறவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சாப்பாடு இறங்கவில்லை. ‘இல்லாமல் போய்விட்டால் நல்லது’ என்ற நினைப்பு அடிக்கடி வருகிறது. இரண்டு, மூன்று வாரம் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் ஷாக் சிகிச்சையும் தரலாம் என்று மருத்துவர் சொன்னார். யோசித்து நானே சம்மதித்துவிட்டேன். வரும் திங்கட்கிழமை திருச்சியில் சேர வேண்டும். கணவர் துணையாக இருக்கிறார். அம்மாதான், ‘ஆஸ்பத்திரி வேண்டாம், குணசீலத்தில் ஒரு மண்டலம் இருந்தால் சரியாகிவிடும்’ என்று அழுகிறார். உள்ளே போனபின் நான் கேட்டால் விடுவார்களா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? மகளிடமும் பள்ளியிலும் என்ன சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: மற்றவற்றுக்கு முன், திங்கட்கிழமை வரை உள்ள நாட்களைப் பற்றிப் பேசிவிடுவோம். ‘இல்லாமல் போய்விட்டால்’ என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். இதே வார்த்தைகளை உங்கள் மருத்துவரிடமும் கணவரிடமும் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் இன்றே சொல்லுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் கணவர் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு வேளைக்கு வேளை எடுத்துத் தரட்டும். பூச்சிமருந்து, எலிமருந்து ஏதாவது வீட்டில் கிடந்தால் அப்புறப்படுத்தட்டும். இரவில் தனியே படுக்காதீர்கள். அந்த நினைப்பு வெறும் நினைப்பாக இல்லாமல் ‘எப்போது, எப்படி’ என்று போகத் தொடங்கினால் திங்கட்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம். எந்த நேரமானாலும் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். உங்கள் கணவரும் பேசலாம். துணையாக இருப்பவருக்கும் பேச ஆள் வேண்டும்.

இனி, விடுவார்களா என்ற கேள்வி. விடுவார்கள். ஒரு விலக்கு உண்டு. உங்கள் நிலையில் அது பொருந்தக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

மனநல மருத்துவமனையில் சேரப்போகிறவர்களையும் அவர்களுடைய வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசுவதுதான் மனநலச் சமூகப் பணியாளரான என் வேலை. அநேகமாக எல்லோர் மனத்திலும் இருப்பது இந்தக் கேள்விதான். பாதிப் பேர் வாய்விட்டுக் கேட்பதில்லை. பயம் காரணமில்லாமல் வரவில்லை. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரை வசவாகப் பயன்படுத்திப் பழகிய ஊர் நம்முடையது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் இறந்ததை உங்கள் அம்மாவின் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அது மருத்துவமனை அல்ல, தர்காவை நம்பி வந்தவர்களை வைத்துத் தனியார் நடத்திய காப்பகம். அம்மாவிடம் பேசும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள்.

இப்போது நடப்பில் இருப்பது 2018-இல் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அதன் 86-ஆவது பிரிவு உங்களைப் போலத் தாமே வந்து சேருபவர்களுக்கானது. சேர்க்கை உங்கள் விண்ணப்பத்தின் பேரில் நடக்கும்; அதில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள், உங்கள் கணவர் அல்ல. கணவரோ பெற்றோரோ சம்மதிக்க வேண்டும், கூட வர வேண்டும் என்றுகூட மருத்துவமனை கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது சட்டம். (நடைமுறையில் நம் ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் ‘அட்டெண்டர் யார்?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். போன் செய்து முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.) சேர்ந்த பிறகும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் விளக்கம் கேட்டு, சம்மதிக்கவோ மறுக்கவோ உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டால் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும் என்கிறது 88-ஆவது பிரிவு.

அதே பிரிவில்தான் நான் சொன்ன விலக்கும் இருக்கிறது. போக வேண்டும் என்று கேட்கும் ஒருவர், தம் முடிவின் விளைவைப் புரிந்துகொள்ள முடியாத நிலையில் இருந்தாலோ, அண்மையில் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ள முயன்றிருந்தாலோ, அப்படி மிரட்டியிருந்தாலோ, மருத்துவர் 24 மணி நேரம் வரை நிறுத்திவைத்துப் பரிசோதிக்கலாம். அதற்குள் ஒன்று அனுப்பிவிட வேண்டும். அல்லது 89-ஆவது பிரிவின்படி, உங்கள் நியமனப் பிரதிநிதி (சிகிச்சை விஷயத்தில் உங்கள் சார்பில் பேச நீங்கள் நியமிப்பவர்) விண்ணப்பித்து, இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்து, அதிகபட்சம் 30 நாள் வரை வைத்துக்கொள்ள முடிவெடுக்க வேண்டும். பெண்களை அப்படிச் சேர்த்தால் மூன்று நாட்களுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த வாரியத்தில் நீங்களே மனுச் செய்யலாம். ஆக, யாரோ ஒரு மருத்துவர் நினைத்தால் மாதக்கணக்கில் வைத்துப் பூட்டிவிட முடியாது. அதே நேரம், மிக மோசமான ஓர் இரவில் நீங்கள் ‘போகிறேன்’ என்றவுடன் பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பியும் விட மாட்டார்கள். எனக்கு வேண்டிய ஒருவர் உள்ளே இருந்தால் நான் விரும்புவதும் இதைத்தான்.

அந்த ‘நியமனப் பிரதிநிதி’ யார் என்பதை இந்த வாரமே முடிவுசெய்யுங்கள். நம் வீடுகளில் கணவர் என்றால் எல்லாவற்றுக்கும் அவரே என்று வைத்துக்கொள்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பதினெட்டு வயது நிறைந்த, நீங்கள் நம்புகிற, ஒத்துக்கொள்கிற எவரையும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். பிறகு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். உங்கள் விஷயத்தில் கணவரே பொருத்தமாகத் தெரிகிறார். ஆனால் அம்மா அழுது கேட்டால் அவர் தடுமாறுவாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தடுமாறக்கூடியவர் என்றால் அக்காவோ தோழியோ நல்லது. கூடவே, எந்த மருந்து முன்பு ஒத்துக்கொள்ளவில்லை, எதை நீங்கள் விரும்பவில்லை, குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இதையே சட்டப்படி முறையான முன் அறிவுறுத்தலாகச் செய்துகொள்ளவும் வழி இருக்கிறது; அதற்குப் படிவமும் சாட்சிகளும் தேவை. திங்கட்கிழமைக்குள் முடியாவிட்டால் கவலைப்படாதீர்கள், அந்த ஒரு பக்கமே பெரிய உதவி.

ஷாக் சிகிச்சை. இதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். கட்டிலில் கட்டிப்போட்டுக் கதறக் கதற மின்சாரம் பாய்ச்சுவதாகத் திரையில் பார்த்த காட்சிதான் உங்கள் கண்ணுக்குள்ளும் ஓடுகிறது என்று நினைக்கிறேன். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் இந்தச் சிகிச்சையைச் செய்வது இந்தியாவில் சட்டப்படி தடை செய்யப்பட்டது (பிரிவு 95). அவசரச் சிகிச்சை என்ற பெயரிலும் கொடுக்க முடியாது. உங்களுடைய எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் அழைத்துப் போவார்கள்; மயக்க மருத்துவர் ஊசி போடுவார்; நீங்கள் தூங்கிய பிறகு மின்சாரம் கொடுத்து வலிப்பை வரவழைப்பார்கள், அது ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்; விழிக்கும்போது தலைவலியும் கொஞ்சம் குழப்பமும் இருக்கலாம். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறையாக மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு வரை கொடுப்பது வழக்கம். சாப்பாடு இறங்காத, மாத்திரைக்கு மசியாத கடும் மனச்சோர்வில் இது நன்றாகவே வேலை செய்கிறது. பக்கவிளைவில் முக்கியமானது மறதி. சிகிச்சை நடந்த வாரங்களைச் சுற்றியுள்ள நினைவுகளில் சில திரும்பாமலே போகலாம். கணித ஆசிரியை என்பதால் இதை உங்கள் மருத்துவரிடம் குறிப்பாகக் கேளுங்கள்: எந்த முறையில் கொடுப்பீர்கள், மறதியை எப்படிக் கவனிப்பீர்கள், இடையில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் ‘நிறுத்துவோம்’ என்றுதான் இருக்க வேண்டும்.

அம்மாவிடம் குணசீலத்தைப் பற்றி வாதாடாதீர்கள். மனம் சரியில்லாதவர்கள் ஒரு மண்டலம் தங்கி, பெருமாள் தீர்த்தத்தை முகத்தில் வாங்கிக்கொண்டு போவது அங்கே தலைமுறைகளாக நடப்பது. அம்மாவுக்குத் தெரிந்த சிகிச்சை அது. தேறி வந்தபின் சேர்ந்து போவோம் என்று சொல்லுங்கள், முடிந்தால் போய்விட்டும் வாருங்கள். நாற்பத்தெட்டு நாள் இப்போது உங்களிடம் இல்லை. எடை குறைந்து, தூக்கம் கெட்டு, சாவைப் பற்றிய நினைப்போடு இருக்கும்போது மருந்தைத் தள்ளிப்போட முடியாது. இதை நீங்கள் சொல்வதைவிட மருத்துவர் சொன்னால் அம்மா கேட்பார். சேரும் நாளில் அவரை அழைத்துப் போய் வார்டைக் காட்ட முடியுமா என்று விசாரியுங்கள். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் 1950-களிலிருந்தே குடும்பத்தார் ஒருவர் கூடவே தங்குவதுதான் முறை. உங்கள் மருத்துவமனையில் அதற்கு இடம் உண்டு என்றால், முதல் சில இரவுகளுக்கு அம்மாவே அட்டெண்டராக இருக்கட்டும். உள்ளே மற்ற நோயாளிகளின் அம்மாக்களோடு இரண்டு நாள் பேசினால் அவருடைய பாதிப் பயம் போய்விடும்.

பையைப் பற்றி. உள்ளே போனதும் நர்ஸ் எல்லாவற்றையும் எடுத்துப் பார்ப்பார். கூச்சமாக இருக்கும், எல்லோருக்கும் அதுதான். நாடா, கயிறு, பெல்ட், பிளேடு, கண்ணாடிப் பாட்டில், கத்தரி, நகவெட்டி எதுவும் உள்ளே போகாது. பாவாடை நாடாவும் இதில் சேர்த்தி என்பதைப் பலர் அங்கே வந்த பிறகுதான் அறிகிறார்கள். ஆகவே புடவையைவிட நைட்டியும், எலாஸ்டிக் வைத்த சுடிதாரும் வசதி. துப்பட்டாவை உங்களிடமிருந்து அவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடும். நகைகளை வீட்டில் கழற்றி வையுங்கள். தாலியைப் பற்றி முன்பே மாமியாரிடம் பேசிவிடுவது நல்லது. சில வார்டுகளில் கொடியோ மஞ்சள் கயிறோ இருக்கக் கூடாது என்பார்கள். சேர்க்கை நாளன்று நடைபாதையில் அது சண்டையாக வெடிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். சீருடை போடச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, சொந்த உடை உங்கள் உரிமை. ஆனால் பாதுகாப்பு விதிகள் எல்லோருக்கும் பொது. போன் பேசவும், பார்க்க வருபவர்களைச் சந்திக்கவும், சந்திக்க மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கைபேசியை எந்நேரமும் கையில் வைத்திருக்க விடுவார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். சார்ஜர் ஒயரை நிச்சயம் வாங்கிக்கொள்வார்கள். முக்கியமான எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பையில் அவசியம் இருக்க வேண்டியது பழைய மருந்துச் சீட்டுகள். இப்போது சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள்; போகிறோமே என்று எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தைராய்டு முதலிய ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஒவ்வாமை, கடைசி மாதவிலக்குத் தேதி, யாரோ சொல்லிச் சாப்பிட்ட லேகியம், சூரணம் எல்லாம் மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

முதல் நாள் ஒரே கதையை நாலைந்து பேரிடம் சொல்ல வேண்டிவரும்: பயிற்சி மருத்துவர், பெரிய மருத்துவர், நர்ஸ், உளவியலாளர், கடைசியில் என்னைப் போன்ற ஒருவர். எரிச்சல் வரும். இரவில் டார்ச்சோடு யாராவது வந்து பார்ப்பார்கள். மூன்றாம், நான்காம் நாளில் ‘எனக்குச் சரியாகிவிட்டது, போகலாம்’ என்றோ ‘இது எனக்கு உதவாது, போகலாம்’ என்றோ அநேகமாகத் தோன்றும். புது மருந்து பலன் காட்ட இரண்டு வாரமாவது ஆகும். அதற்கு முன் வாய் உலர்வதும் மந்தமும்தான் தெரியும். அந்த நாளில் டிஸ்சார்ஜ் கேட்பதற்கு முன் மருத்துவரோடு ஒரு முறை உட்கார்ந்து பேசுவேன் என்று இப்போதே கணவரிடம் சொல்லிவையுங்கள். உங்களைவிட மோசமான நிலையில் இருப்பவர்களைப் பார்த்து, நானும் இப்படி ஆகிவிடுவேனோ என்று பயம் வரும். ஆக மாட்டீர்கள், அவர்களுடைய நோய் வேறு, உங்களுடையது வேறு. வார்டில் சிநேகமும் கிடைக்கும், ஒயர் கூடை பின்னும் இடத்தில் மனம் விட்டுப் பேசுவீர்கள். கடன் கொடுப்பதையும் வீட்டு முகவரி கொடுப்பதையும் வெளியே வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மகளிடம் பொய் சொல்லாதீர்கள். ‘அம்மா டிரெய்னிங் போயிருக்கிறாள்’ என்பது இரண்டே நாளில் உடைந்துவிடும். அதன்பிறகு நீங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள் சந்தேகப்படுவாள். ‘அம்மாவுக்குக் கொஞ்ச நாளாகத் தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது, அதுவும் ஒரு நோய், ஆஸ்பத்திரியில் இருந்து மருந்து எடுத்துக்கொள்ளப் போகிறேன்’ என்பது எட்டு வயதுக்குப் புரியும். அவள் கேட்காமலே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: இது உன்னால் வந்ததில்லை. இந்த வயதுப் பிள்ளைகள் தாங்கள் சேட்டை செய்ததால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனது என்று நினைத்துக்கொள்வார்கள். அதன் பிறகு அவளுக்கு வேண்டியது விவரங்கள். யார் தலை பின்னிவிடுவார்கள், பள்ளி டைரியில் யார் கையெழுத்துப் போடுவார்கள், அம்மா எத்தனை மணிக்குப் போன் செய்வாள். மருத்துவமனையில் கேட்டு, முடிகிற நேரத்தை மட்டும் சொல்லுங்கள்.

பள்ளிக்கு, ‘மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுக்கிறேன், மூன்று வாரம் விடுப்பு வேண்டும்’ என்பது போதும். உங்கள் நோய் விவரத்தை உங்கள் சம்மதமின்றி மருத்துவமனை பள்ளிக்குச் சொல்லக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் இருக்கும், அதைப் பள்ளியில் கொடுக்காதீர்கள். விடுப்புக்கென்று தனியாக மருத்துவச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். காப்பீடு இருந்தால் சேரும் முன்பே அழைத்துக் கேளுங்கள். உடல் நோய்க்கு உள்ளது போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது சட்டம். 2018-இலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களுக்கு இதை அறிவுறுத்திவிட்டது. ஆனால் காத்திருப்புக் காலம், அறை வாடகை உச்சவரம்பு, மருத்துவமனை அவர்கள் பட்டியலில் உள்ளதா என்பவற்றில் சிக்கல் வரும். காப்பீட்டுக் கோரிக்கையில் நோயின் பெயர் போகும். கணவரின் அலுவலகக் குழுக் காப்பீடாக இருந்தால், அங்கே யார் கண்ணில் படும் என்பதை அவர் விசாரித்துக்கொள்ளட்டும்.

டிஸ்சார்ஜ் தேதி சொன்னவுடன் வீடு முழுவதும், ‘சரியாகிவிட்டது’ என்று மூச்சு விடும். உண்மையில் வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் அதிகக் கவனம் தேவைப்படும் காலம். கிளம்பும் முன் மறுபரிசோதனைத் தேதியைக் கையில் வாங்குங்கள். ஒரு வாரத்துக்குள் இருக்கட்டும். எந்த அறிகுறி வந்தால் யாரை அழைப்பது என்று கணவருக்கும் உங்கள் எதிரிலேயே விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அது விடியற்காலை மூன்று மணி விழிப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மாத்திரைகள் இன்னும் சில மாதம் கணவர் கையிலேயே இருக்கட்டும். பார்க்க வரும் உறவினர்களை மாமியார் வாசலிலேயே அளந்து அனுப்பட்டும். அந்த வேலையை அவரிடம் கேட்டே ஒப்படையுங்கள், விருப்பத்தோடு செய்வார். பள்ளிக்கு மறுநாளே ஓடாதீர்கள். முடிந்தால் முதல் வாரம் அரை நாள் வகுப்புகளாகக் கேளுங்கள், பத்தாம் வகுப்புப் பொறுப்பை இந்தப் பருவம் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.